சோப்பு அதேதான்... முதலாளிதான் மாறிட்டார்!

நெட்டுக்குப்பத்துக்கு நீங்கள் போயிருக்க வாய்ப்பு குறைவு. வழிதவறிப் போகிற இடமும் இல்லை. ராயபுரம் தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டே எண்ணூர் வரைக்கும் போகவேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வரும் மீனவர் குப்பம் அது.

அங்கே ஒரு பெட்டிக்கடை. ஆறடிக்கு ஆறடி இருந்தால் அதிகம். வாசலில் மாலை மாலையாக ஷாம்பூ பாக்கெட்டுகள். உள்ளே பலகையில் சோப்புகள். நான் டீ குடித்து முடிப்பதற்குள் நாலு பேர் வந்து நாலு ஹமாம் வாங்கிப் போனார்கள். ஒரு பாப்பா பெயரைக்கூடச் சொல்லவில்லை. ‘‘யக்கா, பச்சை சோப்பு’’ என்றது. கடைக்காரம்மா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார்.

‘‘ஏம்மா, வேற சோப்பு குடுத்தா வாங்க மாட்டாங்களா?’’

‘‘வாங்குவாங்க சார். மறுநா வந்து திட்டுவாங்க. இங்க போர் தண்ணி உப்பு. எல்லா சோப்பும் நுரைக்காது. கடலுக்குப் போய்ட்டு வர்ற ஆம்பளைக்குக் கவுச்சி போவணும். எங்க ஆயா இதான் போட்டுச்சு, எங்கம்மா இதான், நானும் இதான்.’’

‘‘இது யார் கம்பெனி, தெரியுமா?’’

அந்தம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ‘‘கம்பெனி யாருதா இருந்தா இன்னா சார்? வாசனை அப்டியே இருக்குது இல்ல? வாசனை மாறிச்சின்னா அப்போ கேக்கறேன், கம்பெனி யாருதுன்னு!’’

சந்தை ஆராய்ச்சி செய்கிற கோட்டு சூட்டுக்காரர்கள் பத்து நாள் உட்கார்ந்து பவர்பாயின்ட்டில் சொல்வதை இந்தம்மா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆனால், அந்த வாக்கியத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன்.

*

அந்தம்மாவின் ஆயா போட்டுக் குளித்த ஹமாம் டாடா கம்பெனியுடையது. டாடா ஆயில் மில்ஸ், சுருக்கமாக ‘டாம்கோ’. வெள்ளைக்காரன் சோப்புக்குப் போட்டியாக நம்மூர் சோப்பு என்று 1931-ல் வந்தது ஹமாம். ‘ஹம்மாம்’ என்றால் அரபியில் குளியலறை. அரபிப் பெயர், பார்ஸி முதலாளி, தமிழ்நாட்டில் குளியல். இந்தியா என்றால் இதுதானே!

அறுபது வருடம் ஓடியது. டாம்கோ நஷ்டத்தில் தள்ளாடியது. 1993-ல், எந்த வெள்ளைக்காரனுக்குப் போட்டியாக வந்ததோ, அந்த ஹிந்துஸ்தான் லீவரிடமே போய்ச் சேர்ந்தது. (இன்றைக்கு அதன் பெயர் ஹிந்துஸ்தான் யூனிலீவர்.) 15 டாம்கோ பங்கு வைத்திருந்தவருக்கு 2 லீவர் பங்கு கிடைத்தது. ஊழியர் சங்கம் ‘எங்கள் கதி என்ன?’ என்று சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 1994 அக்டோபரில் ‘இணைப்பு செல்லும்’ என்று தீர்ப்பு வந்தது.

ஆக, பங்குதாரருக்குப் பங்கு கிடைத்தது. ஊழியருக்கு, தோற்றாலும், கோர்ட்டில் நின்று பேச ஒரு வாய்ப்பாவது கிடைத்தது. மூன்று தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்து அந்த சோப்பை ஆளாக்கிய ஆயாவுக்கு?

உறையின் பின்பக்கத்தில் ஒரு புது விலாசம் கிடைத்தது. அவ்வளவுதான். அதுவும் பொடி எழுத்தில்!

*

‘‘இதில் என்ன சார் தப்பு? வீடு கைமாறினால் பக்கத்து வீட்டுக்காரனையா கேட்பார்கள்?’’ என்கிறீர்களா. நியாயம். ஆனால் இங்கே விற்கப்படுவது வீடு இல்லை என்பதுதான் விஷயம்.

சில கணக்குகளைப் பாருங்கள். கேரளாவின் இந்துலேகா தலை எண்ணெய் பிராண்டை 2015 டிசம்பரில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் வாங்குவதாக அறிவித்தது. விலை 330 கோடி ரூபாய். அதற்குச் சில மாதம் முன்னால் ‘கேஷ் கிங்’ எண்ணெயை இமாமி வாங்கியது. 1,651 கோடி! ஜெய்ப்பூரில் 2020-ல் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆரம்பித்த ‘மினிமலிஸ்ட்’ என்ற முகப்பூச்சு கம்பெனிக்கு 2025 ஜனவரியில் போடப்பட்ட மதிப்பு 2,955 கோடி. அதில் பத்தில் ஒன்பது பங்கை வாங்கியதும் யூனிலீவர்தான்.

எண்ணெய் காய்ச்சுகிற அண்டாவுக்கும், பாட்டில் அடைக்கிற மெஷினுக்கும் 1,651 கோடி கொடுக்க யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. அந்த அண்டாவைச் சில லட்சத்தில் செய்துகொள்ளலாம். அந்தத் தைலம் வாங்கக் கைநீட்டுகிறதே ஒரு கை, நெட்டுக்குப்பத்துப் பாப்பா பெயர்கூடச் சொல்லாமல் நீட்டியது போல, அந்தக் கைக்குத்தான் விலை. உங்கள் பழக்கம், உங்கள் நம்பிக்கை, ‘எங்கம்மா காலத்திலிருந்து’ என்கிற உங்கள் பேச்சு, எல்லாமே அந்தத் தொகைக்குள் இருக்கிறது. பத்திரத்தில் ‘நன்மதிப்பு’ என்று கௌரவமாக எழுதுவார்கள்.

நாம் வாங்குகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த அறையில் நாம்தான் சரக்கு!

*

பெரிய கம்பெனி என்றாலே பூச்சாண்டி என்று நான் சொல்லவரவில்லை. நாலு விஷயத்தை நியாயமாகப் பார்த்துவிடுவோம்.

முதல் விஷயம், ஆரம்பித்தவருக்கு விற்க உரிமை உண்டு. டாடாவின் லக்மே கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1952-ல் ஆரம்பித்த கம்பெனியை 1998-ல் 200 கோடிக்கு லீவரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் துணிக்கடை ஆரம்பித்தார்கள். அதுதான் வெஸ்ட்சைடு. லக்மே என்றால் லட்சுமிதான். ஒரு பிரெஞ்சு இசை நாடகத்தின் நாயகிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நுழைந்தபடி வைத்த பெயர். லட்சுமி ஒரே வீட்டில் தங்கமாட்டாள் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இரண்டாவது விஷயம், சரக்கு கடைசிக் கடை வரை போய்ச் சேர்வதற்குப் பெரிய கை வேண்டியிருக்கிறது. நெட்டுக்குப்பம் கடையில் ஹமாம் ஒருநாள்கூட ‘இல்லை’யாக இருந்ததில்லை என்றார் கடைக்காரம்மா. சின்னக் கம்பெனி சரக்கு, ஏஜென்ட் பையனுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் வராது.

ஆனாலும், சின்னவன் பெரியவனாகவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடலூர்க்காரர் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு ஆரம்பித்ததுதான் ‘சிக்’ ஷாம்பூ. பாக்கெட்டில் ஷாம்பூ என்கிற யோசனையே அவருடைய அப்பா சின்னி கிருஷ்ணனின் சொத்து. ரங்கநாதன் ஒரு வேலை செய்தார். எந்த கம்பெனியாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். ஜனங்களுக்குப் பழகிய பிறகு, ‘ஐந்தும் சிக் பாக்கெட்டாக இருக்கவேண்டும்’ என்று மாற்றினார். முதலில் அடுத்தவன் வாடிக்கையை இழுத்தார், பிறகு தன் வாடிக்கையைக் கட்டிப் போட்டார். நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ‘விசுவாசம்’ எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. இத்தனைக்கும் அந்தக் கம்பெனி, பெரியவர்கள் கையில் போகாமல் ‘கெவின்கேர்’ என்று இன்னும் சென்னையில்தான் இருக்கிறது.

மூன்றாவது விஷயம், கைமாறினால் தரம் கெட்டுத்தான் போகும் என்று சட்டம் எதுவும் இல்லை. பக்கத்துத் திருவொற்றியூரையே பாருங்கள். 1950-களிலிருந்து அங்கே ‘புல்லட்’ செய்தார்கள். கம்பெனி 1990-களில் வடக்கே உள்ள ஐஷர் கைக்குப் போனது. வண்டியும் சாகவில்லை, அதன்மேல் இருந்த வெறியும் சாகவில்லை.

நான்காவது விஷயம்தான் கொஞ்சம் கசப்பு. எது வாழவேண்டும், எது சாகவேண்டும் என்பதை வாங்கியவர்தான் தீர்மானிப்பார். 1993-ல் பார்லேயிடமிருந்து கோகோ கோலா வாங்கிய கூட்டத்தில் ‘தம்ஸ் அப்’பும் இருந்தது, ‘கோல்ட் ஸ்பாட்’டும் இருந்தது. தம்ஸ் அப்பை ஜனங்கள் விடவில்லை, பிழைத்தது. கோல்ட் ஸ்பாட்டையும் ஒரு கூட்டம் விரும்பத்தான் செய்தது. இன்றைக்கு அதைத் தேடிப் பாருங்கள்.

*

இனிமேல்தான் வில்லங்கம்.

இங்கிலாந்தில் பிரைட்டன் என்கிற கடலோர ஊரில் 1976-ல் அனிதா ரோடிக் என்கிற பெண்மணி ஒரு சின்னக் கடை போட்டார். பெயர் ‘தி பாடி ஷாப்’. மிருகங்கள்மேல் பரிசோதனை செய்த சரக்கை விற்கமாட்டேன் என்றார். பிரபலமானார். 2006-ல் பிரெஞ்சு ராட்சதன் லோரியலுக்கு 652 மில்லியன் பவுண்டுக்கு விற்றார். பழைய வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். ‘மிருகப் பரிசோதனை விஷயத்தில் நீங்கள் திட்டித் தீர்த்த ஆளிடமேவா?’ என்று கேட்டார்கள். புறக்கணிப்புக் குரல்கள் எழுந்தன. ‘உள்ளே போய் அவர்களைத் திருத்துவேன்’ என்கிற மாதிரி பதில் சொன்னார் அனிதா. அடுத்த வருடமே காலமாகிவிட்டார். 2017-ல் லோரியல் அதை பிரேசில் கம்பெனிக்குக் கைமாற்றியது. 2023 கடைசியில் அது ஒரு முதலீட்டுக் கம்பெனிக்குக் கைமாற்றியது. 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது.

அந்தக் கடை வெண்ணெய்ப் பூச்சின் வாசனை நடுவில் மாறியதா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஜனங்கள் வாங்கியது வாசனையை மட்டும் இல்லை, ஒரு மனுஷியின் வார்த்தையை. வாசனையைப் பாட்டிலில் அடைத்து விற்கலாம். வார்த்தையை? சொன்னவர் போனதும் அதுவும் போய்விடுகிறது.

தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஒன்று, வாடிக்கை. இன்னொன்று, நம்பிக்கை. வாடிக்கை மூக்கிலும் கையிலும் இருக்கிறது. அதைக் கைமாற்றலாம், விலை போடலாம். நம்பிக்கை ஓர் ஆள்மேல் வைப்பது. அதைக் கைமாற்ற முடியாது, புதிதாகச் சம்பாதிக்கத்தான் வேண்டும். பெரிய கம்பெனி வாடிக்கையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, நம்பிக்கையும் அதோடு இலவச இணைப்பாக வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. நாமும், வாசனை மாறவில்லை என்றதும், அப்படியே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும்? கொடைக்கானலைக் கேளுங்கள்.

பாண்ட்ஸ் பவுடர் தெரியும். பல்லாவரத்துக்காரர்களுக்கு அது ஒரு பஸ் ஸ்டாப்பும்கூட. அந்த பாண்ட்ஸ் கம்பெனி 1980-களில் கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை நடத்தியது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஓடி முடித்த மெஷின்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. தெர்மாமீட்டர் என்றால் பாதரசம். 1980-களின் பின்பாதியில் உலக அளவில் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. 1998-ல் இந்திய பாண்ட்ஸ், லீவரோடு இணைந்தது. முகத்துக்குப் பவுடரும் க்ரீமும் வந்தன, கூடவே மலைமேல் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையும் வந்தது.

2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடக்கிறது என்று உள்ளூர் ஜனங்களும் கிரீன்பீஸும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை பார்த்தவர்கள், உடம்பு கெட்டுவிட்டது என்றார்கள். கம்பெனி, அப்படி நிரூபணம் ஏதும் இல்லை என்றது. பதினைந்து வருடம். 2015-ல் சென்னைப் பெண் ஒருவர் பாடிய ராப் பாட்டு உலகம் பூராவும் பரவிய பிறகு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. ‘மனிதாபிமான அடிப்படையில்’ என்றார்கள். தொகையைச் சொல்லவில்லை.

இந்தப் பதினைந்து வருடமும் பாண்ட்ஸ் பவுடரின் வாசனை துளிகூட மாறவில்லை. நானும் போட்டேன், நீங்களும் போட்டீர்கள். கல்யாண வீடுகளில் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். யாருக்கும், ‘கம்பெனி யாருது?’ என்று கேட்கத் தோன்றவில்லை. நம் மூக்குக்குத் தெரிந்ததெல்லாம் டப்பாவுக்கு உள்ளே இருப்பது மட்டும்தான். டப்பாவுக்கு வெளியே, மலைமேல் நடப்பது மூக்குக்கு எட்டாது.

*

‘‘அப்ப என்ன சார், ஹமாமை நிறுத்தச் சொல்றீங்களா?’’

ஐயோ, இல்லை. நெட்டுக்குப்பத்து உப்புத்தண்ணீரில் எது நுரைக்கிறது என்று அந்தம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடினநீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக்கொண்டு திரிதிரியாக அழுக்காக்கிவிடும், நுரை வராது. எது தாக்குப்பிடிக்கிறது என்பது அவர் மூன்று தலைமுறை அனுபவத்தில் கண்டுபிடித்தது. அந்த அறிவுக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். முதலாளி மாறினால் முன்பக்கம் சொல்லாது. முன்பக்கத்தில் அதே பச்சை, அதே எழுத்து. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் பெயர், விலாசம், புகார் சொல்ல வேண்டிய இடம் எல்லாம் உறையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அப்புறம், அது ‘டாய்லெட் சோப்’பா, ‘பாத்திங் பார்’ரா என்று பாருங்கள். டாய்லெட் சோப் என்றால் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்று டி.எஃப்.எம். கணக்கு போட்டிருக்கும். 76 சதவிகிதத்துக்கு மேல் முதல் கிரேடு, 70-க்கு மேல் இரண்டு, 60-க்கு மேல் மூன்று. பாத்திங் பார் என்றால் 40 இருந்தாலே போதும். பாத்திங் பார் என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை, சிலது கடினநீரில் நன்றாகவே நுரைக்கும். ஆனால், போன வருடம் ஒன்று, இந்த வருடம் இன்னொன்று என்று உறையில் மாறியிருந்தால், உங்களைக் கேட்காமல் ஏதோ முடிவெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய உறை ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைசா செலவில்லாத ஆராய்ச்சி!

உங்கள் வாடிக்கைக்கு ஆயிரம் கோடி விலை போடுகிறார்கள் என்றால், அவ்வளவு விலையுள்ள சாமானுக்கு அதன் சொந்தக்காரர் நாலு கேள்வி கேட்கலாமில்லையா?

*

கிளம்பும்போது கடைக்காரம்மாவிடம், ‘‘வாசனை மாறினாதான் கேப்பேன்னு சொன்னீங்களே...’’ என்று இழுத்தேன்.

அவர் சோப்புப் பலகையைப் பார்க்கவில்லை. முகத்துவாரப் பக்கம் பார்த்தார்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றில் இறங்கியது. வலை கருப்பு, படகு கருப்பு, இறங்கி அள்ளியவர்களின் கை கால் எல்லாம் கருப்பு. வாளியையும் மக்கையும் வைத்துக்கொண்டு எண்ணெய் மொண்டார்கள் இந்த ஊர்க்காரர்கள். யாருடைய எண்ணெய் என்கிற பேச்சு பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது.

‘‘அன்னிக்கு ஒரு நாத்தம் அடிச்சுது பாருங்க சார்... எத்தினி சோப்பு போட்டும் போவல. அன்னிக்குத்தான் ஊரே கேட்டுச்சு, கம்பெனி யாருதுன்னு.’’

சற்று நிறுத்திவிட்டு அவரே சொன்னார்: ‘‘முன்னாடியே கேட்டிருக்கணும்.’’

நான் ஒரு ஹமாம் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, உறையைத் திருப்பிப் பின்பக்கம் படித்தேன்.